காங்கேசன்துறைப் பாதையில் கோச்சி பார்க்க ஸ்கானர் உதவுமா?

#1 கோண்டாவில்காரன் (ஞாயிறு, பின்னேரம் 6.12)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோண்டாவிலுக்கும் இணுவிலுக்கும் இடையில், தண்டவாளத்திலிருந்து மூன்று வளவு தள்ளி இருக்கிறது. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி கோச்சி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அடுத்த ஜனவரி 2ஆம் திகதி அது காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. அன்றுதான் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்று முதன்முதலாக ஒரு கோச்சியைக் கிட்டத்தில் பார்த்தேன். அதுவரைக்கும் அந்தத் தண்டவாள மேடு எங்களுக்குச் சைக்கிள் ஓடும் பாதை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இந்தப் பைத்தியம் விடவில்லை. எந்த என்ஜின் வந்தது, எத்தனை பெட்டி, எத்தனை நிமிடம் பிந்தியது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன். இப்போது ஏழாவது கொப்பி.

விஷயம் இதுதான். ஸ்காபரோவில் இருக்கும் அத்தான் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்டார். ரேடியோ ஸ்கானர் ஒன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் கோச்சி பார்க்கிறவர்களின் வீடியோக்களில் கவனித்திருப்பீர்கள்: காருக்குள் ஸ்கானரை வைத்துவிட்டு இருப்பார்கள், சாரதியும் கட்டுப்பாட்டு அறையும் கதைப்பது கேட்கும், பத்து நிமிடம் முன்னதாகவே கமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எங்கள் பாதை ஒற்றைப் பாதை. எதிரே வருவது பிந்தினால் இதுவும் எங்காவது ஒரு ஸ்டேசனில் காத்து நிற்க வேண்டும். நேர அட்டவணையை நம்பி வெயிலில் நின்று களைத்துவிட்டேன்.

இங்கே அந்த ஸ்கானர் வேலை செய்யுமா? வைத்திருப்பதில் பிரச்சினை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

#2 நாவற்குழிப்பாலம் (ஞாயிறு, இரவு 7.40)

கட்டாயம் எடுப்பியுங்கோ அண்ணை! நான் நாவற்குழியில் தெருப்பாலத்துக் கரையில் நின்று, கடல்நீரேரிக்கு மேலால் கோச்சி போவதைப் படம் எடுக்கிறவன். போன கிழமை இரண்டு மணித்தியாலம் நின்றேன். தண்ணீர் குடிக்கக் கடைக்குப் போன ஐந்து நிமிடத்தில் கோச்சி போய்விட்டது. கையில் ஒரு ஸ்கானர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. சும்மா கேட்கிறதுதானே, யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

#3 அஜின்கோட்ராசன் (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, நான் ஸ்காபரோவில்தான் இருக்கிறேன். கனேடியன் பசிபிக்கின் பெரிய யார்ட் எங்கள் அஜின்கோட்டில் இருக்கிறது. கம்பனிக்கு 2023இல் சி.பி.கே.சி. என்று பெயர் மாறிவிட்டது, எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. பன்னிரண்டு வருடமாக ஸ்கானர் வைத்திருக்கிறேன். இங்கே எப்படி என்று முதலில் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு அது பொருந்துமா என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லட்டும்.

வட அமெரிக்காவில் எந்த ரயில் கம்பனியானாலும் ஏறக்குறைய ஒரே பட்டையில்தான் கதைக்கும். கனடாவில் 159.81 மெகாஹேட்ஸில் தொடங்கி 161.565 வரைக்கும். பெரும்பாலும் பழைய எஃப்.எம். முறைதான், மறைகுறி எதுவும் இல்லை. அதனால் சாதாரண ஸ்கானர் போதும். கருவியைவிட அன்டனாவில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பட்டையில் அலையின் காற்பங்கு 46 சென்ரிமீட்டர் சொச்சம். அதாவது நம்முடைய கணக்கில் ஒரு முழம். கடையில் கருவியோடு தரும் குட்டி ரப்பர்க் குச்சியைக் கழற்றிவிட்டு, ஒரு முழக் கம்பியை நிமிர்த்தி வைத்த அன்று எனக்குக் கேட்கும் தூரம் இரட்டித்தது மாதிரி இருந்தது.

என்ன கேட்கும்? புதிதாகக் கேட்கிறவருக்கு முதல் ஒரு மாதம் இரைச்சல்தான். பிறகு மெல்ல மெல்ல விளங்கும். தண்டவாளத்தில் வேலை நடக்கும் இடத்துக்குக் கோச்சி கிட்ட வந்ததும் சாரதி அங்கே பொறுப்பாக நிற்கும் போர்மனைக் கூப்பிடுவார். இங்கே இதற்கு நாற்பத்திரண்டாம் விதி என்று பெயர். எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை, என்ன வேகத்தில் போகலாம் என்று போர்மன் சொல்ல, சாரதி அதை ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொல்வார். ஒரு இலக்கம் மாறினாலும் போர்மன் நிறுத்தி, முதலிலிருந்து சொல்ல வைப்பார். அந்த ஒழுங்கைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறையும். தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்யும் மனிதர்களின் உயிர் அந்தத் திருப்பிச் சொல்லுதலில்தானே இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது மனிதக் குரல் இல்லை, தண்டவாளக் கரையில் இருக்கும் பெட்டியின் குரல். சில்லின் பெயரிங் சூடேறியிருக்கிறதா என்று அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் கருவிகளை வழியெல்லாம் வைத்திருக்கிறார்கள். கோச்சி கடந்து போனதும் அது தானாகவே ரேடியோவில் பேசும்: எந்த மைல், குறை இல்லை, மொத்தம் இத்தனை அச்சு. நாங்கள் அந்த மைலை வைத்துக் கோச்சி இப்போது எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடுவோம். நூறு பெட்டிக்கு மேல் இழுத்து வருகிறதா என்பதையும் அச்சு எண்ணிக்கை காட்டிவிடும்.

அந்தக் குரலின் பெறுமதி 2023 பெப்ரவரி 3ஆம் திகதி ஒகையோவில் ஈஸ்ட் பலஸ்டைனில் தெரிந்தது. ஒரு சரக்குக் கோச்சியின் பெயரிங் அப்படியொரு கருவியைக் கடந்தபோது வெளிக்காற்றைவிட 38 பாகை பரனைட் அதிகம். பத்து மைல் தள்ளி 103. அதற்குப் பிறகு இருபது மைலுக்குக் கருவியே இல்லை. அடுத்ததைக் கடந்தபோது 253. எச்சரிக்கை வந்து சாரதி நிறுத்தப் பார்த்தார், ஆனால் 38 பெட்டிகள் தடம் புரண்டுவிட்டன. இரண்டு கருவிகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்று அன்றைக்குப் பிறகு எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் ரொஷெல் என்ற ஊரில் இரண்டு பெரிய கம்பனிகளின் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். அங்கே கோச்சி பார்க்கிறவர்களுக்கென்றே ஊர் ஒரு பூங்கா கட்டியிருக்கிறது. அந்தக் கொட்டகையில் ரயில் ரேடியோவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக இருந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். ஒருமுறை போய்ப் பார்த்தேன். நம்முடைய ஊரிலும் இப்படி ஒன்று வராதா என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுமானால் நான் பதிவு செய்த சில துண்டுகளை இங்கே ஏற்றி விடுகிறேன், கேட்டுப் பாருங்கோ.

#4 தும்பளைஅன்டனா (திங்கள், விடிய 5.50)

ராசன் அண்ணை எழுதியது அருமை. ஆனால் கோண்டாவில் தம்பி, அந்தக் கருவி வேண்டாம் என்று அத்தானுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கோ. நான் உரிமம் எடுத்த அமெச்சூர் வானொலிக்காரன். பரீட்சை எழுதி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவன். அதனால் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

இலங்கையில் அலைக் கருவிகளுக்கெல்லாம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. அந்த ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அலைக் கருவியைக் கொண்டு வந்தால் சுங்கத்திலேயே நிற்கும். தப்பி வந்தாலும், உங்களுக்கு அனுப்பப்படாத செய்தியை இடைமறித்துக் கேட்பது தனியே ஒரு குற்றம். கனடாவில் பிழையில்லாதது இங்கே பிழையாகலாம். நம் ரயில்வே எதில், எப்படிக் கதைக்கிறது என்பதை நான் இங்கே எழுத மாட்டேன், தயவு செய்து வேறு யாரும் எழுத வேண்டாம்.

இன்னொன்று. இது யாழ்ப்பாணம். வோக்கி டோக்கி வைத்திருக்கிறான் என்ற சந்தேகம் ஒன்றே ஒரு பெடியனுக்குப் போதுமாக இருந்த காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். பற்றரி தடைப் பொருளாக இருந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ போட்டுச் செய்தி கேட்டோம். செய்தி முடியும் வரைக்கும் சுற்றுகிறவர் கை மாற்றக்கூட மாட்டார். எனக்கு அலை மீது ஆசை வந்ததே அந்தத் திண்ணையில்தான். கேட்கும் ஆசையைக் குறை சொல்லவில்லை. அந்த ஆசையை உரிமத்தோடு வைத்திருங்கோ என்றுதான் சொல்கிறேன்.

ராசன் அண்ணை, குறை நினைக்காதீர்கள். கனடாவின் வானொலித் தொடர்புச் சட்டமும் கேட்டதை மற்றவருக்கு வெளியிடுவதை வேறாகத்தான் பார்க்கிறது. நீங்களே கேட்பது ஒன்று, ஊருக்கு ஏற்றி விடுவது இன்னொன்று. பதிவுகளை ஏற்றும் முன் அதை ஒருமுறை வாசியுங்கோ.

#5 நாவற்குழிப்பாலம் (திங்கள், காலை 8.15)

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். நாங்கள் பேசப் போவதில்லை, குழப்பப் போவதில்லை, காதால் கேட்பது மட்டும்தானே. கோச்சி எங்கே வருகிறது என்று தெரிந்தால் யாருக்கு என்ன நட்டம்? பொதுச் சொத்துத்தானே ரயில்வே?

#6 பழையடப்லட் (திங்கள், மதியம் 1.30)

தம்பி, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வடக்குப் பாதையில் ஸ்டேசன் வேலை பார்த்து, 1990 ஜூனில் யாழ்தேவி கடைசியாக ஓடிய நாட்களையும் கண்டவன் நான்.

எங்கள் காலத்தில் என்ஜினுக்குள் பேசும் கருவி எதுவும் கிடையாது. ஸ்டேசனுக்கும் ஸ்டேசனுக்கும் இடையில் மணி இருந்தது. ஒற்றைப் பாதையில் டப்லட் என்ற வட்டத் தகடுதான் சட்டம். நான் கொடிகாமத்தில் இருக்கிறேன், மீசாலைப் பக்கம் ஒரு கோச்சியை அனுப்ப வேண்டும் என்று வையுங்கோ. முதலில் மணியை ஒரு அடி அடிப்பேன், கவனி என்று அர்த்தம். அங்கேயிருந்து ஒரு அடி திரும்பி வரும். பிறகு எந்த வகைக் கோச்சி என்று அடித்துச் சொல்வேன். அங்கே இருப்பவர் பாதை வெறுமையாக இருக்கிறது என்று உறுதி செய்து, தன் கருவியை அழுத்திப் பிடித்தால்தான் என் கருவி ஒரு தகட்டை விடும். அந்தத் தகடு வெளியே இருக்கும் வரைக்கும் இரண்டு பக்கத்திலும் இன்னொரு தகடு வராது, மின்சாரப் பூட்டு விடாது. தகட்டைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் கட்டிச் சாரதியிடம் நீட்டுவோம். நிற்காமல் போகும் கோச்சியென்றால் அவர் ஓடும் என்ஜினிலிருந்து கையை நுழைத்து வளையத்தைக் கொத்திக்கொண்டு போவார். அந்தத் தகடு கையில் இருந்தால் முன்னுக்குப் பாதை அவருடையது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரயிலில் பேச்சு என்பது ஊர்க்கதை இல்லை. அது பூட்டும் திறப்பும் மாதிரி. அதை யாருக்குச் சொல்கிறோமோ அவர் மட்டும் எடுக்க வேண்டும்.

பேச வழியில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதையும் இந்த நாடு பார்த்தது. 2004 டிசம்பர் 26. மருதானைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கடல் வந்த செய்தி எட்டிவிட்டது. கரையோரப் பாதையில் ஓடிய பல கோச்சிகளை நிறுத்தியும் விட்டார்கள். மாத்தறைக்குப் போன அந்த ஒன்றைத்தான் எட்ட முடியவில்லை. அம்பலாங்கொடைக்கு டெலிபோன் அடித்தபோது அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அதே கோச்சியைக் கவனித்துக்கொண்டு பிளாட்போமில் நின்றிருக்கிறார்கள். எடுத்துப் பேசும்போது கோச்சி புறப்பட்டுவிட்டது. பெரலியவில் ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட உயிர் போனது. என்ஜினில் ஒரு ரேடியோ இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு மார்கழியும் வரும். அதனால்தான் ரயில் ரேடியோ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரிவதில்லை.

சரி. கோச்சி வருவதை அறிய உங்களுக்கு வேறு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். புதிய பாதையில் வெளிச்சச் சமிக்ஞைகள் போட்டிருக்கிறார்கள். ஒரு ஸ்டேசனில் பிளாட்போம் டிக்கெற் எடுத்துக்கொண்டு போய், கரையில் நின்று அவற்றை ஒரு கிழமை கவனியுங்கோ. சிவப்பு விட்டு மஞ்சளோ பச்சையோ விழுந்ததிலிருந்து கோச்சி வர எத்தனை நிமிடம் என்று எழுதுங்கோ. எந்தப் பக்கத்துச் சமிக்ஞை முதலில் விழுகிறது என்று பார்த்தால், எது எதற்காகக் காத்து நிற்கப் போகிறது என்பதும் விளங்கும். ஸ்டேசன் மாஸ்டருக்கு வேலை இல்லாத நேரம் பார்த்து மரியாதையாகக் கேட்டால், எத்தனை மணிக்கு முந்திய ஸ்டேசனை விட்டது என்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

#7 ஈஸ்ட்ஹாமக்கா (திங்கள், இரவு 9.20)

பெரலிய பற்றி எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் ஐயா.

லண்டன் நிலவரம் சொல்கிறேன். இங்கே முன்னர் ரயில் ரேடியோ கேட்கக்கூடியதாக இருந்ததாம், சட்டம் அப்போதும் விடவில்லை. இப்போது ஜி.எஸ்.எம்.-ஆர். வந்துவிட்டது. ஐரோப்பா முழுக்க ரயிலுக்கென்று ஒதுக்கிய கைத்தொலைபேசி வலையமைப்பு மாதிரி ஒன்று. மறைகுறி போட்டது, ஸ்கானரில் எதுவும் கேட்காது. ஆனால் இங்கே பாதையைப் பார்த்துக்கொள்ளும் நெட்வேர்க் ரெயில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. எந்தக் கோச்சி எந்தச் சமிக்ஞையில் நிற்கிறது என்ற தரவைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். ஆர்வலர்கள் அதை வைத்து இணையத்தளங்கள் செய்திருக்கிறார்கள். என் மகன் போனில் பாதைப் படத்தைத் திறந்து, அம்மா இன்னும் இரண்டு நிமிடத்தில் சரக்குக் கோச்சி வரும் என்பான், வரும்.

சாரதி பேசுவதைக் கேட்காமலே கோச்சி எங்கே என்று அறியலாம். நாவற்குழித் தம்பி கேட்ட பொதுச் சொத்துக்கு அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். எங்கள் ரயில்வேயிடம் நாங்கள் கேட்க வேண்டியது அந்தத் தரவைத்தான்.

#8 இணுவில்சீவாளி (செவ்வாய், விடிய 6.05)

எல்லோரும் ரேடியோ பற்றியே எழுதுகிறீர்கள். கோச்சியே ஒரு வாத்தியம் ஆயிற்றே, அதைக் கேட்க உரிமம் வேண்டாம். எங்கள் வீடு நாதஸ்வரக் குடும்பம். சிறு வயதிலிருந்து சுருதிப் பெட்டிச் சத்தத்தில் வளர்ந்த காது.

கோச்சி ஹோர்ன் அடித்துக்கொண்டே உங்களைக் கடந்தால் சுருதி இறங்கும். எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எவ்வளவு இறங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கடந்து போன பிறகு கேட்கும் சத்தத்தை ஸட்ஜமாக எடுங்கோ. வரும்போது கேட்டது சுத்த ரிஷபமாக இருந்தால் கோச்சியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர். சதுஸ்ருதி ரிஷபமென்றால் 72. சாதாரண காந்தாரமென்றால் 108. ஒரு ஸ்வரத்தானத்துக்கு 36 என்று நினைவு வைத்தால் போதும். எங்கள் ஊர் வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீட்டர் அளவு என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

ஹோர்னில் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் இருக்கும், அதனால் இரண்டு மூன்று சுருதி சேர்ந்து கேட்கும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கோ. தண்டவாளத்துக்குக் கிட்ட நின்றால் சுருதி சடக்கென்று விழும். தள்ளி நின்றால் ஜாரு போல வழுக்கி இறங்கும், ஆனால் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அதனால் கிட்டப் போகத் தேவையே இல்லை, வீட்டு முற்றத்தில் நின்றே எடுக்கலாம். கொடிகாமத்துக்கும் பளைக்கும் இடையில் சொந்தக்காரர் வீட்டில் நின்றபோது ஒருநாள் சதுஸ்ருதி ரிஷபத்தைத் தாண்டிக் காந்தாரத்துக்குக் கிட்ட வந்தது. கோச்சி தொண்ணூறுக்கு மேலே ஓடியிருக்க வேண்டும்.

காற்றையும் கவனியுங்கோ. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் கொக்குவில் பக்கத்து ஹோர்ன் இணுவில் வரைக்கும் வரும், சுன்னாகத்தில் அடிப்பது கேட்காது. வாடை தொடங்கினால் மறுபக்கம். இரவில் நிலம் குளிர்ந்து மேலே காற்றுச் சூடாக இருந்தால் ஒலி மேலே போகாமல் வளைந்து நிலத்துக்கே வரும். இரவுத் தபால் கோச்சி அவ்வளவு தூரத்திலிருந்து கேட்பதற்கு ஊர் அடங்கியது மட்டும் காரணமில்லை.

#9 அஜின்கோட்ராசன் (செவ்வாய், இரவு 11.10)

தும்பளை ஐயா, நீங்கள் சொன்னது சரி. வாசித்துப் பார்த்தேன். பதிவுகளை ஏற்றவில்லை, முன்னர் வேறு இடத்தில் ஏற்றியிருந்த இரண்டையும் எடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக இதை யோசிக்காமல் இருந்திருக்கிறேன். நன்றி.

சீவாளித் தம்பி, இதை வாசித்துவிட்டு இன்று பின்னேரம் கில்ட்வுட் ஸ்டேசனில் நின்று வியா ரெயில் கோச்சி ஒன்றுக்குப் பரீட்சித்தேன். நான் சங்கீதம் படித்தவன் இல்லை, மகளின் கீபோட்டை வைத்துத்தான் பிடித்தேன். மூன்று கட்டை இறங்கியது!

என் பங்குக்கு ஒன்று. பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையில் பொருத்து இருக்கும், அதுதான் தடக் தடக். ஒரு துண்டின் நீளம் அடியில் எவ்வளவோ, அதை 0.68ஆல் பெருக்குங்கோ. வருவது செக்கன். கோச்சிக்குள் இருந்துகொண்டு அத்தனை செக்கனுக்குள் எத்தனை தடக் கேட்கிறதோ அதுதான் மணிக்கு எத்தனை மைல் என்பது. 45 அடித் துண்டென்றால் ஏறக்குறைய 31 செக்கன். சின்ன வயதில் அப்பா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு யாழ்தேவியில் எண்ணுவார், எங்களையும் எண்ண வைப்பார். ஓமந்தைக்கு வடக்கே இப்போது கொங்கிறீட் சிலிப்பரில் தண்டவாளத்தை நீளமாக ஒட்டிப் போட்டிருப்பதால் அந்தத் தாளம் போய்விட்டது. 2016இல் வந்தபோது கோச்சியில் ஏறியிருந்து அதைத்தான் தேடினேன்.

என்ஜின் சத்தத்திலும் ஊர் இருக்கிறது. யாழ்தேவியை இழுத்த எம்2 என்ஜின்கள் இங்கே ஒன்ராறியோவில் லண்டன் என்ற ஊரில் செய்தவை. கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்ததால் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று இந்த மாகாணங்களின் பெயரே அவற்றுக்கு. பெரலியவில் கடலில் அகப்பட்டதும் அந்த மனிடோபாதான், திருத்தி மறுபடி ஓட விட்டார்கள். அதில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் என்ஜின், இடைவிடாமல் ஒரே ரீங்காரமாகக் கேட்கும். வாரணாசியில் செய்த எம்11 அல்கோ வழி வந்த போர்-ஸ்ட்ரோக் என்ஜின், அது கொத்திக் கொத்திக் கதைக்கும். இங்கே கோ ரெயிலின் பெரும்பாலான என்ஜின்களும் எம்2இன் உறவுதான், அதே டூ-ஸ்ட்ரோக். வேலைக்குப் போக பிளாட்போமில் நிற்கும்போது சில நாள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். சாவகச்சேரி மாதிரியே இருக்கும்.

#10 நாவற்குழிப்பாலம் (புதன், காலை 7.30)

பழைய டப்லட் ஐயாவுக்கும் ஈஸ்ட்ஹாம் அக்காவுக்கும் நன்றி. விளங்கிக்கொண்டேன், ஸ்கானர் பேச்சை விடுகிறேன்.

காது பற்றிப் பேசுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். போன வருடம் காதில் இயர்போன் போட்டுக்கொண்டு, கேட் இல்லாத கடவை ஒன்றைக் கடந்தேன். ஒரு ஐயா பின்னால் ஓடி வந்து ஷேர்ட்டைப் பிடித்து இழுத்தார். திரும்பிப் பார்க்கும்போது கோச்சி போகிறது. ஹோர்ன் அடித்திருக்கிறார்கள், எனக்குக் கேட்கவே இல்லை. சென்னையில் செய்த எஸ்13 வகை, என்ஜின் இழுக்கும் கோச்சி போல அதிராது. பழைய தடக் தடக்கும் இல்லை. சத்தம் வரும், விலகலாம் என்ற எங்கள் தாத்தா காலத்து நம்பிக்கை இந்தப் பாதையில் உதவாது. தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்கும் பழக்கமும் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கோ. உருக்கில் ஒலி காற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஓடும் என்பது உண்மைதான், ஆனால் தலையை அங்கே வைத்துக்கொண்டு அறிய வேண்டியது ஒன்றுமில்லை.

#11 கோண்டாவில்காரன் (ஞாயிறு, இரவு 8.45)

எல்லோருக்கும் நன்றி. அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். ஸ்கானருக்குப் பதிலாக ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும், காற்று மோதாமல் மைக்குக்குப் போடும் மயிர் உறையும் கொண்டு வருகிறார். தும்பளை ஐயா, அமெச்சூர் பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

இந்தக் கிழமை செய்தது: மூன்று நாள் பின்னேரம் பிளாட்போம் டிக்கெற் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். சமிக்ஞை விழுந்ததிலிருந்து கோச்சி வரும் வரை முதல் நாள் ஆறு நிமிடம், இரண்டாம் நாள் ஆறு, மூன்றாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் ஏன் என்று ஸ்டேசனிலேயே கேட்டேன், முந்திய ஸ்டேசனில் ஆட்கள் ஏறி இறங்க நேரம் எடுத்ததாம். கொப்பியில் சமிக்ஞைக்கென்று புதிதாக ஒரு நிரல் கோடு போட்டிருக்கிறேன். இத்தனை வருடமும் என்ஜின் இலக்கத்தை எழுதினேனே தவிர, அதற்கு முன் எரிந்த வெளிச்சத்தை ஒருநாளும் எழுதவில்லை.

சீவாளி அண்ணை, உங்கள் கணக்கையும் முற்றத்தில் நின்று நாலு கோச்சிக்கு எடுத்தேன். போனில் தம்புரா போட்டுச் சுருதியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று கோச்சி சுத்த ரிஷபத்தைத் தாண்டியது, சதுஸ்ருதியைத் தொடவில்லை. அப்படியென்றால் 36க்கும் 72க்கும் நடுவில். ஒன்று சுத்த ரிஷபத்துக்கும் கீழே, அது ஸ்டேசனில் நிற்க வேகத்தைக் குறைத்து வந்தது. நேற்று நல்ல சோளகம், கொக்குவில் பக்கத்து ஹோர்ன் கேட்டு நாலு நிமிடத்தில் கோச்சி எங்கள் ஒழுங்கையைக் கடந்தது. கேட் பூட்டும் மணிச் சத்தத்துக்கு முன்னரே நான் மதிலடியில் நின்றேன்.

காற்றுக்கும் ஒரு நிரல் போட்டாயிற்று. வாடை தொடங்கியதும் சுன்னாகப் பக்கத்து ஹோர்னுக்கு இதே நிமிடக் கணக்கை எடுத்து இங்கே போடுகிறேன்.